சொன்னவரும் செய்தவரும் ஒருவரே

மொழியுரிமை பற்றிய பேச்சு எழும் அவைகளிலெல்லாம் ஒரு கருத்துத் தவறாது எடுத்தாளப்படும். மொழி இரண்டாயின் நாடு ஒன்றாக நிற்கும். மொழி ஒன்றேயாயின் நாடு இரண்டாகப் பிளக்கும் என்பது அதன் சாரம். எம் மாணவர் பட்டிமன்ற மேடையிலே இதனைக் கூறிக் கைதட்டல் பெறுவர். கூறியவர் யாரென வினவினால், கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா என்று பெயரையும் பிழையின்றிச் சொல்வர். ஆனால், அதே பெருமகனார் 16 ஆண்டுகள் கழித்துச் செய்தது யாது என்று கேட்டாலோ அவை மௌனமாகிவிடும். அம்மௌனத்தைச் சிறிது கலைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. ஏறாவூரில் எங்கள் தெருவிலே வாழும் முஸ்லிம் மூதாட்டி ஒருவர், சென்ற மாதம் ஒரு கடிதத்தோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அது. "மகன், இதில் என்ன எழுதியிருக்கு என்று பாத்துச் சொல்லுங்க" என்றார். விரித்துப் பார்த்தேன். தலைப்பு முதல் ஒப்பம் வரை முற்றும் சிங்களம். முப்பது ஆண்டுகளாக மொழி கற்பித்து, பண்டிதர் என்று பெயரும் பூண்ட யான் அக்கடிதத்தின் முன் எழுத்தறியாதவனாய் நின்றேன். சந்தைக்கு அருகே கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் வந்து படித்துச் சொன்ன பின்னரே பொருள் விளங்கிற்று. காலஞ்சென்ற கணவரின் மரணச் சான்றிதழ்ப் பிரதியை 14 நாள்களுக்குள் அனுப்ப வேண்டுமாம். அவற்றுள் 9 நாள்கள் முன்னரே கழிந்துவிட்டன.

அன்றிரவு கொல்வினைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்தேன்.

1907-ஆம் ஆண்டு தென்னிலங்கையிலே பலப்பிட்டிப் பகுதியிற் பிறந்த அவர், இலண்டன் சென்று வரலாற்றிலே கலாநிதிப் பட்டம் பெற்றார். பிரித்தானியர் ஆட்சியின் தொடக்க காலத்தை ஆராய்ந்து அவர் எழுதிய பெருநூல் இன்றும் வரலாற்று மாணவராற் போற்றப்படுவது. 1935-ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது அதன் முதற் தலைவராக விளங்கியவர் அவரே. என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, லெஸ்லி குணவர்தன முதலியோர் அவருடைய தோழர்.

அக்கட்சியினர் தொடக்கத்திலே தமிழரைப் பிறராகக் கருதினாரல்லர். 1940-ஆம் ஆண்டு சனவரியிலே முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தமிழ்த் தொழிலாளி பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்டான். அதனை விசாரித்த ஆணைக்குழுவின் முன் அவன் மனைவிக்காக வாதாடியவர் கொல்வின். அதே ஆண்டு யூன் மாதம் அவரும் தோழரும் சிறைப்பட்டனர். 1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம், கொழும்பில் யப்பானியர் குண்டு வீசிய இரண்டாம் நாள், கண்டிப் போகம்பறைச் சிறையிலிருந்து காவலன் ஒருவனையும் உடன்கொண்டு தப்பிச் சென்றனர். பின்னர் கரந்துறைந்து இந்தியா சேர்ந்து, ஆங்கும் விடுதலைப் போரிற் கலந்தனர்.

சுதந்திரத்தின் பின்னரும் அந்நெறி மாறவில்லை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது இடதுசாரிகள் அதனை எதிர்த்தனர். நீதிமன்றத்திலோ கொல்வினின் நாவன்மை நாடறிந்தது. மனைவியைக் கொன்றாரெனக் குற்றஞ் சாட்டப்பெற்ற கிரிக்கெற் வீரர் சதாசிவம் 1953-இலே விடுதலை பெற்றது கொல்வினின் வாதத்தினாலேயாம்.

இனி 1956-ஆம் ஆண்டுக்கு வருவோம். சிங்களம் மட்டும் என்னும் முழக்கம் எழுந்த அக்காலத்திலே, இரு மொழிகளுக்கும் சமநிலை வேண்டுமென்று கூறுவது சிங்கள வாக்காளரிடையே அரசியல் தற்கொலைக்கு ஒப்பாகும். முந்திய ஆண்டு கொழும்பு நகர மண்டபத்திலே சமசமாஜக் கட்சி கூட்டிய கூட்டத்தைக் கல்லெறிந்து குழப்பினர். அவ்வாறிருந்தும் அவர்கள் பின்வாங்கினாரல்லர். யூன் 5-ஆம் நாள் மசோதா பாராளுமன்றத்திலே கொண்டுவரப்பட்டது. 15-ஆம் நாள் 56 வாக்குகளுக்கு எதிராக 29 என்ற கணக்கிலே நிறைவேறிற்று. அந்த 29 வாக்குகளுள் தமிழ் உறுப்பினர் வாக்குகளோடு இடதுசாரிகளின் வாக்குகளும் அடங்கும். அவ்விவாதத்திலேதான் கொல்வின் அப்புகழ்பெற்ற எச்சரிக்கையை விடுத்தார். சிறிய இந்நாடு இரு கூறாகக் கிழிந்து குருதி சிந்தவும் கூடும் என்றார். அவர் எச்சரித்த அந்நாள்களிலேயே எம் கிழக்கு மண்ணில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியிலே தமிழர் தாக்கப்பட்டு மாண்டனர் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்கும்.

இத்தகைய ஒருவர் மாறியது எவ்வாறு? ஒரே நாளில் மாறினாரல்லர்; படிப்படியாகவே இறங்கினார். 1960-ஆம் ஆண்டுத் தேர்தலிலே தனித்து ஆட்சி அமைக்கலாமென்ற நம்பிக்கை பொய்த்தது. 1964-இலே அவர் கட்சி சிறீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்திற் சேர்ந்தது. மலையக மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்ட சிறீமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவ்வாண்டு ஒக்ரோபரிலே கைச்சாத்தாகியது. 1966-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாள், டட்லி சேனநாயக்கா அரசாங்கம் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தபோது, அவற்றை எதிர்த்துக் கொழும்பு வீதியில் ஊர்வலம் சென்ற கட்சிகளுள் சமசமாஜக் கட்சியும் ஒன்று. பத்தாண்டின் முன் தமிழுக்காகக் கல்லடி தாங்கிய கட்சி, இப்போது தமிழுக்கு எதிரான ஊர்வலத்திலே நடந்தது.

1970-இலே ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. கொல்வின் பெருந்தோட்டக் கைத்தொழில், அரசியலமைப்பு விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சரானார். புதிய குடியரசின் அரசியலமைப்பை வகுக்கும் பணி அவர் கையில் வந்தது. தமிழுக்கும் உரிய இடம் வேண்டுமெனத் தமிழரசுக் கட்சியினர் அரசியல் நிர்ணய சபையிலே கொண்டுவந்த திருத்தங்கள் தோற்றன. 1971 யூன் மாதம் அவர்கள் சபையை விட்டு விலகினர். 1972-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் குடியரசு பிறந்தது. சிங்களமே அரசகரும மொழியென அரசியலமைப்பிலேயே பொறிக்கப்பட்டது. தமிழின் உபயோகம் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் என்பதோடு நின்றது. அச்சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் அரசியலமைப்பின் பகுதியாகக் கருதப்படமாட்டா என்றும் எச்சரிக்கையாக ஒரு வரி சேர்க்கப்பட்டது. பௌத்தத்திற்கு முதன்மையிடம் வழங்கப்பட்டது. சிறுபான்மையோருக்குப் பாதுகாப்பாகச் சோல்பரி யாப்பிலிருந்த 29-ஆம் பிரிவு மறைந்தது.

அவர் பக்கத்து நியாயத்தையும் கூறாது விடுதல் முறையன்று. முடியாட்சியின் பிணைப்பை அறுத்து நாட்டைக் குடியரசாக்கியவர் அவர். அடிப்படை உரிமைகள் பற்றிய அத்தியாயம் இலங்கை யாப்பிலே முதன்முதல் இடம்பெற்றதும் அப்போதுதான். மொழிச் சிக்கலை முன்னிறுத்தினால் ஆட்சி கைநழுவும்; ஆட்சி கைவந்தால் தோட்டங்களையும் வங்கிகளையும் பொதுவுடைமையாக்கலாம்; பொருளாதார நீதி வந்தபின் மொழி நீதி தானே வரும் என்று இடதுசாரிகள் கணக்கிட்டனர். கணக்குப் போட்டவர்கள் கயவரல்லர். ஆயினும் கணக்குத் தவறிற்று. 1975-இலே அவர்கள் அரசாங்கத்திலிருந்து நீக்கப்பட்டனர். 1976-இலே வட்டுக்கோட்டையிலே தமிழர் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றினர். 1977-ஆம் ஆண்டுத் தேர்தலிலே சமசமாஜக் கட்சிக்கு ஓர் ஆசனமேனும் கிட்டவில்லை. அடுத்த ஆண்டு 1972-ஆம் ஆண்டு யாப்பும் ஒழிந்தது.

சொல்லுதல் எவர்க்கும் எளிது, சொல்லியவாறு செய்தலே அரிது என்று வள்ளுவர் பொதுவாகக் கூறியது இவ்வரலாற்றிலே உருக்கொண்டு நிற்கின்றது. ஆனால் இதிலிருந்து கொல்வின் வஞ்சகர் என்று முடிவு கட்டுவது மாணவர்க்கு நாம் கற்பிக்கும் பாடமாகாது. சொன்னவர் விலகியதால் சொல் பொய்யாகிவிடவில்லை. அவர் கைவிட்ட பின்னரும் அவர் சொல் மெய்யாகிக்கொண்டே வந்தது; அதற்கு நாடு கொடுத்த விலையை ஏறாவூரிலும் இரு சமூகத்தாரும் அறிவர். நல்ல சொல்லொன்றை அதனைச் சொன்ன தலைவரிடமே காவலுக்கு ஒப்படைத்துவிட்டு நாம் உறங்கியதும் பிழையன்றோ?

1987-ஆம் ஆண்டு நொவெம்பரிலே 13-ஆம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. மறு ஆண்டு டிசெம்பரிலே 16-ஆம் திருத்தம் வந்தது. எவரும் தம் மொழியிலே அரசோடு கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்ற உரிமை அதனால் உறுதியாயிற்று. கொல்வின் மறைந்தது 1989 பெப்பிரவரியில். 1956-இலே தாம் கேட்டதை, 1972-இலே தாம் மறுத்ததை, வேறொருவர் ஆட்சியிலே சட்டமாகக் கண்ட பின்னரே அவர் கண் மூடினார்.

சட்டம் இருக்கின்றது. ஆயினும் அம்மூதாட்டியின் கடிதம் ஒரு மொழியிலேதான் வந்தது. சான்றிதழ்ப் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதனோடு, இனி வரும் கடிதங்களைத் தமிழிலே அனுப்புமாறு வேண்டி அவர் பெயரால் யான் ஒரு விண்ணப்பம் எழுத, அவர் ஒப்பமிட்டார். யானோ அக்கடைக்கார இளைஞரிடம் மாலைதோறும் சிங்கள எழுத்துக் கற்று வருகின்றேன். இரண்டு மொழி என்பது மற்றவர்க்கு மட்டும் விதித்த கடமையன்றே.

பதில் இன்னும் வரவில்லை. புகையிரதம் வந்து தபால் பிரிக்கப்படும் வேளையிலே அம்மூதாட்டி வாசலில் வந்து நின்று, "தமிழில் வந்திட்டுதா மகன்?" என்று நாள்தோறும் கேட்கின்றார்.