ஜப்பானிய வரலாற்றில் பெண் பேரரசர்கள்: ‘இடைக்கால ஆட்சியர்’ என்னும் கருத்தாக்கம் குறித்த ஒரு மறுபரிசீலனை

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய அரசமரபில் 592 முதல் 1771 வரையிலான காலத்தில் எட்டுப் பெண்கள் பத்து முறை அரியணை ஏறியுள்ளனர். தகுதியான ஆண் வாரிசு வளரும்வரை அரியணையைக் காத்து நின்ற இடைக்கால ஆட்சியர் என்றே இவர்களைக் குறிப்பிடும் வழக்கம் வரலாற்று நூல்களில் வேரூன்றியுள்ளது. எட்டாம் நூற்றாண்டின் சட்டவிதி ஒன்று, 715ஆம் ஆண்டின் அரசாணை, 738ஆம் ஆண்டின் பட்டத்து வாரிசு நியமனம் ஆகியவற்றைக் கொண்டு அவ்வழக்கம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தென்னோ, பெண் பேரரசர், அரசுரிமை, தந்தைவழி மரபு, நாரா காலம், மெய்ஜி அரச குடும்பச் சட்டம்.

1. ‘பேரரசி’ என்னும் சொல்

கி.பி. 752ஆம் ஆண்டு நாரா நகரின் தோதாய்-ஜி விகாரையில் பெரும் புத்தர் சிலைக்குக் கண்திறப்புச் சடங்கு நிகழ்ந்தது. தூரிகையைக் கையிலேந்தி அச்சடங்கை நிறைவேற்றியவர் தென்னிந்தியாவிலிருந்து 736இல் ஜப்பானை அடைந்த போதிசேனர் என்னும் துறவி. சிலையை எழுப்பத் தொடங்கிய ஷோமு அப்போது முடிதுறந்திருந்தார். அவர் துணைவி கோம்யோவும் மகள் கோக்கெனும் அவ்விழாவில் இருந்தனர். தமிழில் எழுதுவோர் இவ்விரு பெண்களையுமே ‘பேரரசி’ என்று குறிப்பர். ஆனால் அவர்களுடைய நிலை ஒன்றன்று. கோம்யோ ஃபுஜிவாரா குடியில் பிறந்து பேரரசரை மணந்தவர். அவருடைய நிலைக்குரிய ஜப்பானியச் சொல் ‘கோகோ’. கோக்கெனோ அன்று நாட்டை ஆண்டுகொண்டிருந்த ‘தென்னோ’.

தென்னோ என்னும் சொல் பால் வேறுபாடு அற்றது. ஆண் ஆண்டாலும் பெண் ஆண்டாலும் பட்டம் அதுவே. ஆகவே இக்கட்டுரையில் ஆட்சியுரிமை பெற்ற பெண்கள் ‘பெண் பேரரசர்’ என்றும், பேரரசரின் முதன்மைத் துணைவி ‘பட்டத்தரசி’ என்றும் சுட்டப்படுகின்றனர். இவ்வேறுபாடு மயங்கினால் துணைவியர்க்குரிய இயல்புகள் ஆட்சியாளர்மேல் ஏற்றப்பட்டுவிடும். பிறர் பொருட்டு அரியணையில் அமர்ந்தவர்கள் என்ற எண்ணம் எளிதில் நிலைபெறுவதற்கு இம்மயக்கமும் ஒரு காரணம் எனலாம்.

2. கருத்தாக்கத்தின் அடிப்படை

இடைக்கால ஆட்சி என்னும் விளக்கம் ஆதாரமற்றது அன்று. முதல் பெண் பேரரசரான சுய்கோ (592–628), சுஷுன் பேரரசர் சோகா குடித் தலைவர் உமாக்கோவின் ஏவலால் கொல்லப்பட்ட நெருக்கடியில் அரியணை ஏறினார். கோக்யோகு (642–645) தம் கணவர் ஜொமெய் இறந்தபின் ஆட்சிக்கு வந்தார். பின்னர் சாய்மெய் என்னும் பெயரில் மீண்டும் ஆண்டார் (655–661). ஜித்தோ தம் மகன் குசகபே இறந்ததும் 690இல் முடிசூடி, 697இல் பேரன் மொன்முவுக்கு அரியணையை அளித்தார். ஆண்ட பேரரசரின் கைம்பெண்ணாக இருந்தவர்கள் வாரிசுச் சிக்கலின்போது முன்வந்தனர் என்னும் பொதுமையை இம்மூவரிடமும் காணலாம். 1960களில் இனோவே மித்சுசதா இப்பொதுமையை விரிவாக எடுத்துரைத்தார்.

எனினும் அண்மைக்கால ஆய்வாளர்கள், குறிப்பாக யோஷியே அகிகோ, வேறொரு கோணத்தை முன்வைத்துள்ளனர். ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் அரியணைக்கு முதிர்ச்சி தகுதியாகக் கருதப்பட்டது. ஆண்களும் பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டியே முடிசூடினர் என்பது அவர்கள் வாதம். சுய்கோ அரியணை ஏறியபோது வயது 39, ஜித்தோவுக்கு 46. இந்நோக்கில் பதினைந்து வயதில் பட்டம் பெற்ற மொன்முவே விதிவிலக்கு ஆகிறார். ஜித்தோவின் ஆட்சி வெறும் காத்திருப்பாகவும் அமையவில்லை. ஃபுஜிவாரா தலைநகருக்கு அரசிருக்கை 694இல் மாறியது அவர் காலத்தில்தான். முடிதுறந்த பின்னரும் ‘தாய்ஜோ தென்னோ’ என்னும் பட்டத்துடன் அவர் இளம் பேரரசருக்கு இணையாக ஆட்சியில் பங்கேற்றார்.

3. தாயிடமிருந்து மகளுக்கு

கருத்தாக்கம் கடும் சோதனைக்கு உள்ளாவது அடுத்த இரு ஆட்சிகளில். மொன்மு 707இல் இளவயதில் இறக்க, அவருடைய தாய் கென்மெய் பேரரசரானார். அவருடைய கணவர் குசகபே ஆட்சி செய்யாமலே இறந்தவர். ஆதலின் கென்மெய் பட்டத்தரசியாக இருந்ததே இல்லை. ‘பேரரசரின் கைம்பெண்’ என்னும் பொதுமை இங்கேயே உடைகிறது. 710இல் ஹெய்ஜோ தலைநகர் மாற்றமும் 712இல் கொஜிகி நூல் நிறைவும் இவர் காலத்தவை. 715இல் முதுமையைக் காரணம் காட்டி முடிதுறந்த கென்மெய், பேரனை விடுத்துத் தம் மகளைத் தேர்ந்தார். மணமாகாத அம்மகளே கென்ஷோ. ஜப்பானிய அரசவரிசையில் தாயிடமிருந்து மகளுக்கு அரியணை சென்ற ஒரே நிகழ்வு இது.

கென்ஷோவின் தந்தை குசகபே தென்மு பேரரசரின் மகன் என்பதால் இதுவும் தந்தைவழி மரபே என்று விடை கூறுவர். குருதிவழியை மட்டும் நோக்கின் அது சரியே. ஆனால் அக்காலச் சட்டம் வேறொன்றையும் சொல்கிறது. யோரோ சட்டத் தொகுதியின் வாரிசுரிமைப் பகுதியில் முதல் விதி, பேரரசரின் உடன்பிறந்தாரும் மக்களும் ‘ஷின்னோ’ என்னும் முதல்நிலை இளவரசர் தகுதி பெறுவர் என்கிறது. அதன்கீழ் உள்ள சிறு குறிப்பு, பெண் பேரரசரின் மக்களுக்கும் அவ்வாறே என்கிறது. இதற்கு முந்தைய தாய்ஹோ தொகுதிக்கு (701) எழுதப்பட்ட பழைய உரையோ இன்னும் தெளிவானது: தந்தை கீழ்நிலை இளவரசராக இருப்பினும் பெண் பேரரசரின் பிள்ளை ஷின்னோவே என்பது அதன் கருத்து. பெண் ஒருவர் ஆள்வதையும், அவருக்குப் பிள்ளைகள் இருப்பதையும், அப்பிள்ளைகளின் தகுதி தாயால் தீர்மானிக்கப்படுவதையும் சட்டம் இயல்பாக எதிர்பார்த்திருக்கிறது என்பது இங்கு நோக்கத்தக்கது.

இக்குறிப்பு ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு 715ஆம் ஆண்டின் ஆணை ஒன்று சான்றாகலாம். கென்மெய்யின் மற்றொரு மகள் கிபி, தென்முவின் பேரனான நகயா இளவரசரை மணந்தவர். கிபியின் பிள்ளைகள் அனைவரும் பேரரசரின் பேரப்பிள்ளைகளாகக் கருதப்பட வேண்டும் என்று அவ்வாணை கூறுவதாக ஷோகு நிஹோங்கி பதிவு செய்கிறது. தந்தைவழியில் அவர்கள் தென்முவின் கொள்ளுப்பேரர்களே. எனவே ‘பேரர்’ தகுதி அவர்களுக்குத் தாய்வழிப் பாட்டியான கென்மெய்யிடமிருந்தே கிடைத்திருக்க வேண்டும். ஆணை தன் காரணத்தைக் கூறவில்லை; எனினும் இதைவிடப் பொருத்தமான விளக்கம் காண்பது கடினம்.

அத்தகுதியின் கனத்தைப் பின்விளைவுகள் காட்டுகின்றன. 729இல் நகயா அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு உயிர்மாய்க்க நேர்ந்தது. அவருடன் கிபியும் நான்கு மகன்களும் மாண்டனர். நகயாவுக்கு ஃபுஜிவாரா குடிப் பெண்ணிடம் பிறந்த மகன்களோ தப்பினர். தந்தை ஒருவரே, வேறுபட்டது தாய் மட்டுமே. அதே ஆண்டில், அரச குடும்பத்தில் பிறவாத கோம்யோ பட்டத்தரசியாக்கப்பட்டார். பெண் பேரரசர் வழிவந்த சிறுவர்கள் ஃபுஜிவாரா குடியின் பேரர்களுக்குப் போட்டியாளர்களாக அஞ்சப்பட்டனர் என்று கொள்வதே பொருத்தம். நகயாவின் மாளிகை இருந்த இடத்தில் 1980களின் இறுதியில் கிடைத்த ஏறத்தாழ 35,000 மரச்சீட்டுகளில் ஒன்று, அவரையே ‘ஷின்னோ’ என அழைப்பதும் இத்தொடர்பில் எண்ணத்தக்கது.

4. கோக்கென்–ஷோதோகு

738இல் ஷோமு தம் மகளைப் பட்டத்து வாரிசாக முறைப்படி நியமித்தார். ஜப்பானிய வரலாற்றில் அந்நிலையைப் பெற்ற பெண் இவர் ஒருவரே. அப்போது ஷோமுவுக்கு வேறொரு துணைவியிடம் பிறந்த அசகா என்னும் மகன் உயிருடன் இருந்தான். 744இல்தான் அவன் இறந்தான். ஆண் வாரிசு இருக்கையிலேயே பெண் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதால் ‘இடைக்கால ஆட்சி’ என்னும் சொல் இங்கு முற்றிலும் பொருந்தாது. இதன் பின்னணியில் ஃபுஜிவாரா குடியின் நலன் இருந்தது உண்மை; ஆனால் குடிநலன் இன்றி அமைந்த ஆண் வாரிசு நியமனம் அக்காலத்தில் எது?

749இல் முடிசூடிய கோக்கென் 758இல் ஜுன்னினுக்கு அரியணையை அளித்தார். ஆயினும் 762இல், சிறு அலுவல்களைப் பேரரசர் பார்க்கட்டும், அரசின் பெருங்காரியங்களையும் பரிசு, தண்டனைகளையும் தாமே மேற்கொள்வதாக அறிவித்தார். 764இல் நகமாரோவின் கிளர்ச்சியை அடக்கி, ஜுன்னினை அவாஜி தீவுக்கு அனுப்பிவிட்டு, துறவுக்கோலத்திலேயே ஷோதோகுவாக மீண்டும் ஆண்டார். தோக்யோ என்னும் துறவியை அரியணைக்கு உயர்த்தும் முயற்சி 769இல் உசா கோயிலின் தெய்வ வாக்கால் தடைப்பட்டது. 770இல் அவர் இறந்ததும் தென்மு மரபின் ஆட்சி முடிவுற்றது. பிற்கால வரலாற்றாசிரியர் பலர் இந்நிகழ்வையே பெண் ஆட்சியின் தீங்குக்குச் சான்றாக்கினர். துறவியரிடம் மயங்கிய ஆண் பேரரசர்கள் இல்லாமல் இல்லை. அதை எவரும் ஆணாட்சியின் குற்றமாக எழுதியதில்லை.

5. பிற்காலத்திலிருந்து முற்காலத்துக்கு

அடுத்த பெண் பேரரசர் 859 ஆண்டுகள் கழித்து வந்தார். தோக்குகவா அரசுடன் பிணங்கிய கோ-மிசுனோ 1629இல் திடீரென முடிதுறக்க, அவருடைய சிறு மகள் மெய்ஷோ அரியணையில் அமர்த்தப்பட்டார். ஷோகுன் ஹிதெதாதாவின் பேத்தியான அவர் 1643இல் வேறு தாய்க்குப் பிறந்த தம்பிக்கு இடம்விட்டார். கோ-சகுரமாச்சி (1762–1771) தம் தம்பி மகன் வளரும்வரை ஆண்டார். இவ்விருவரைப் பொறுத்தவரை இடைக்கால ஆட்சி என்னும் விளக்கம் தயக்கமின்றிப் பொருந்தும்.

மெய்ஜி காலச் சட்டவல்லுநர்கள் கண்முன் நின்ற அண்மை மரபு இவ்விருவருடையதே. 1886இல் உருவான அரச குடும்ப விதிகளின் வரைவு, ஆண் வாரிசு இல்லாவிடத்துப் பெண்ணின் ஆட்சியையும் பெண்வழி வாரிசையும் ஏற்றது. இனோவே கோவாஷி இதனை வன்மையாக எதிர்த்தார். முன்னைய பெண் பேரரசர்கள் தற்காலிகப் பொறுப்பாளரே என்றும், பெண் பேரரசர் மினமோத்தோ குடியினரை மணந்தால் பிறக்கும் பிள்ளை மினமோத்தோ ஆகிவிடும் என்றும் வாதிட்டார். முதல் வாதம் வரலாறு பற்றியது. இரண்டாவது குடிப்பெயர் பற்றியது. ஆண்ட எண்மரும் தந்தைவழியில் அரச மரபினரே என்பதால் இரண்டாவதற்கு ஓரளவு வலு உண்டு. அவ்வலுவே முதல் வாதத்தையும் மெய்ப்பிப்பதுபோல் தோன்றச் செய்துவிட்டது. ஷின்னோ விதியின் சிறு குறிப்பு இவ்விரண்டிலும் அடங்காதது.

1889ஆம் ஆண்டின் அரச குடும்பச் சட்டம் தந்தைவழி ஆண் வாரிசுக்கே அரியணை என வரையறுத்தது. 1947ஆம் ஆண்டின் புதிய சட்டமும் முதல் பிரிவில் அதையே கொண்டுள்ளது. 2005இல் பிரதமர் கொய்சுமி அமைத்த வல்லுநர் குழு பெண்ணுக்கும் பெண்வழிக்கும் உரிமை வழங்கப் பரிந்துரைத்தது. 2006 செப்டம்பரில் இளவரசர் ஹிசஹிதோ பிறந்தார். அதற்கான சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்துக்கு வரவில்லை.