ஐப்பசியில் முத்துக்கரைக்கு

தீபாவளிச் சரக்கு யாவும் லாரியேறிச் சென்றபின், மாதக்கணக்கில் பட்டாசு மருந்தோடு புழங்கிய சிவகாசித் தொழிலாளருக்குச் சற்றே ஓய்வு கிட்டும் ஐப்பசியில், அமாவாசைக்கு மறுநாளே திருச்செந்தூரில் கந்த சஷ்டி உற்சவமும் ஆரம்பமாகிறபடியால், விருதுநகர்ச் சீமையார் தென்கடலோரம் யாத்திரை செல்ல இதைவிட உசிதமான காலம் வேறில்லை.

1876இல் தூத்துக்குடியை எட்டிய இருப்புப்பாதை விருதுநகர் வழியாகவே செல்கிறது; 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட அத்துறைமுகத்தில், 1713இல் எழுந்த பனிமய மாதா ஆலயத்தையும் தரிசிக்கலாம். ஆயினும் என் சிந்தையை அதிகம் கவர்வது கொற்கையே. தாலமி என்னும் யவன பூகோள சாஸ்திரி குறித்துவைத்த அப்பாண்டியர் முத்துத்துறை, தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலகிப்போக, இன்று வயல்களும் வாழைகளும் ஒரு புராதன வன்னி மரமும் சூழ்ந்த உள்நாட்டுச் சிற்றூராக நிற்கிறது. சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூரில் ஜனத்திரள் அபாரமாதலால், கொற்கையை முன்னரே, மழைக்குக் குடையோடு சென்று, சாவகாசமாகப் பார்த்துவிடுவது நலம்.