மூன்றெழுத்தின் மகிமை

"டாட் காம் கம்பெனி" என்னும் பதம் நம் வீடுகளில் சரளமாக அடிபடுகிறது. பொருள் என்னவென்று விசாரித்தால், "காம்" என்பது கம்பெனியின் சுருக்கம் என்றே பலரும் சாதிப்பார்கள். அது சரியன்று. வர்த்தக சம்பந்தமானது என்று பொருள்படும் "கமர்ஷியல்" என்னும் ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதியே அது. முன்னே நிற்கும் "டாட்" வெறும் புள்ளிதான்.

அந்தப் புள்ளிக்கு என்ன வேலை? தபால் விலாசத்தில் வீடு, தெரு, ஊர், ஜில்லா என்று வரவரப் பெரிதாகிச் செல்வதில்லையா? இணைய விலாசமும் அத்தகையதே. கடைசிப் புள்ளிக்குப் பின் வருவது மிகப் பெரிய பிரிவு. யந்திரங்கள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதருக்கோ பெயர் வேண்டும். பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாட்டை 1983-ம் வருஷம் அமெரிக்காவில் பால் மொகபெட்ரிஸ் வகுத்தார். மறு வருஷம் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்னும் அம்மையாரும் கல்விச்சாலைக்கு ஒன்று, சர்க்காருக்கு ஒன்று, ராணுவத்துக்கு ஒன்று எனப் பிரிவுகளைக் குறித்தபோது, வியாபாரிகளுக்குக் கிட்டியது "காம்". 1985 மார்ச் 15-ந் தேதி ஸிம்பாலிக்ஸ் என்னும் கம்ப்யூட்டர் கம்பெனி அதில் முதற்பெயரைப் பதிந்துகொண்டது. அவ்வருஷம் அதைப் பின்பற்றியவர்கள் ஐவரே.

பத்து வருஷம் சென்றபின் அமேஸான் முதலியோர் இணையத்தில் கடை விரித்தார்கள். அப்போது வாலின் பெயரே மாட்டுக்கும் வந்து சேர்ந்தது. விலாசத்தின் கடைசித் துண்டு கம்பெனியின் ஜாதிப் பெயராயிற்று.

பிறகு நடந்ததுதான் விந்தை. 1998, 1999-ம் வருஷங்களில் தம் பெயருடன் "டாட் காம்" சேர்த்துக்கொண்ட 95 கம்பெனிகளை அமெரிக்காவில் ஆய்வாளர்கள் மூவர் ஆராய்ந்தார்கள். அறிவிப்பை ஒட்டிய பத்தே நாட்களில் பங்கு விலை, சந்தைப் போக்குக்கு மேல் நூற்றுக்கு 74 வீதம் ஏறியிருந்தது! இணைய வியாபாரம் செய்தவர், பெயரளவில் செய்தவர் என்ற பேதமே இல்லை. மாறியது பெயர்ப்பலகை ஒன்றே. பணம் போட்டவர்களில் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது.

நம் நாட்டையும் அந்த ஜுரம் விட்டுவிடவில்லை. 1999 நவம்பரில் ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்ட் நிறுவனத்தைச் சென்னையின் சத்யம் இன்ஃபோவே 499 கோடி ரூபாய்க்குப் பேசி முடித்தது.

2000 மார்ச் 10-ந் தேதி 5,048 புள்ளியில் நின்ற நாஸ்டாக் குறியெண், 2002 அக்டோபர் 9-ந் தேதி 1,114-க்கு இறங்கியது. பிராணிகளுக்குத் தீனி விற்ற பெட்ஸ் டாட் காம், 2000 பிப்ரவரியில் பங்கு வெளியிட்டு நவம்பரிலேயே கடையை மூடியது. சில கம்பெனிகள் ஆசையுடன் ஒட்டவைத்த வாலைத் தாமே நறுக்கி எறிந்தன. அப்படி நறுக்கியதற்காகவும் அவற்றின் பங்கு விலை ஏறிற்று!