ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகுமுன்
1977, 1983 வன்முறைகளால் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சுற்றுலாவாக நுவரெலியா செல்கின்றனர். ஒரு காலைப்பொழுதைக் கூடுதலாக ஒதுக்கினால் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவையும் பார்க்கலாம்.

அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறக்குறைய 30 கிலோமீற்றர். காலை 6 மணிக்கே நுழைவாயிலை அடைவது நல்லது. 10 மணியளவில் பனிமூட்டம் ‘உலக முடிவு’ பள்ளத்தை மூடிவிடும். யாலவைப் போல ஜீப்பில் விலங்கு தேடும் இடமல்ல இது. சுமார் 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதையை நடந்தே கடக்க வேண்டும். உயரம் ஏறக்குறைய 2,100 மீற்றர் என்பதால் குளிராடை, மழையங்கி, நல்ல சப்பாத்து அவசியம். பொலித்தீன் கொண்டுசெல்ல முடியாது. அடையாள அட்டையை மறக்க வேண்டாம்; வெளிநாட்டவருக்கான கட்டணம் பல மடங்கு அதிகம். மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்படும் பாதை, புறப்படுமுன் விசாரியுங்கள்.

புல்வெளியில் மரைகள் மேயும். உலக முடிவில், 800 மீற்றருக்கும் மேற்பட்ட சரிவின் கீழே தேயிலைத் தோட்டங்கள் தெரியும்.

தாத்தா, பாட்டி இருந்த தோட்டம் எது என்பதை வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள். பல தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, தமிழ்ப் பெயர் வேறொன்று. இரண்டையும் எழுதிக்கொண்டால், திரும்பும் வழியில் அந்த லயத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.