வண்டி நிற்கும்போது ஏன் உதறுகிறது?

ஒட்டன்சத்திரத்துச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்-அப் வண்டி ஒன்று என் தமையனாரிடம் இருக்கிறது. ஒரு நாள் விடியற்காலையில் நானும் அவருடன் அந்த வண்டியில் சென்றேன். சந்தை வாயிலை நெருங்கியதும் அவர் பிரேக்கை மிதித்தார். உடனே ஸ்டியரிங் அவர் கைகளில் உதறத் தொடங்கிற்று. காலின் கீழே பிரேக் பெடலும் துடித்தது. அந்தத் துடிப்பில் அவர் தம்மை அறியாமலே காலைச் சற்றுத் தளர்த்திவிட்டார். தலையில் தக்காளிக் கூடையுடன் குறுக்கே சென்ற தொழிலாளி ஒருவருக்கு ஒரு முழத் தொலைவில் வண்டி நின்றது.

"இது புதிதல்ல, தம்பி. முன் சக்கரங்களின் பிரேக் டிஸ்க்குகளை இரண்டு முறை மாற்றியாயிற்று. சில மாதம் நன்றாக இருக்கிறது, பிறகு பழையபடியே வந்துவிடுகிறது" என்றார் அவர்.

மாணவ நண்பர்களே, போன கோளாறு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? அதை நாங்கள் கண்டறிந்த முறையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வண்டியின் ஓர் ஆணியையும் கழற்றுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டோம்.

முதற் கேள்வி: உதறல் எப்போது வருகிறது? ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்து வண்டியைத் தானே வேகம் குறையவிட்டோம். அப்போதும் உதறியிருந்தால், டயரையோ, கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் புரொப்பெல்லர் ஷாப்டையோ, அதன் மூட்டுகளையோ சந்தேகித்திருப்போம். பிறகு கிளச்சை மிதித்துப் பார்த்தோம். அதனால் உதறல் நின்றுவிடுமானால், எஞ்சினிலோ எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களிலோ கோளாறு இருக்கலாம். எங்கள் வண்டி இவ்விரண்டு சோதனைகளிலும் அமைதியாகவே ஓடிற்று. பிரேக்கை மிதித்தால் மட்டுமே உதறிற்று. ஆகவே குற்றம் பிரேக்கைச் சார்ந்தது என்பது தெளிவாயிற்று.

இரண்டாவது கேள்வி: உதறலை எங்கே உணர்கிறோம்? ஸ்டியரிங் முன் சக்கரங்களோடு இணைந்தது. ஆகவே கைகளில் உணரும் உதறல் பெரும்பாலும் முன்புறத்திலிருந்து வருவது. இருக்கையில் உணரும் உதறல் பெரும்பாலும் பின்புறத்திலிருந்து வருவது. இதை உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. இத்தகைய பிக்-அப் வண்டிகளில் ஹாண்ட் பிரேக் பின் சக்கரங்களின் டிரம்களை மட்டுமே பிடிக்கும். மெதுவாகச் செல்லும்போது என் தமையனார் அதன் பொத்தானை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுத்தார். உதறல் இல்லை. ஆகவே பின் டிரம்கள் குற்றமற்றவை. அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவரே செய்யத்தக்க சோதனை இது. நீங்கள் தனியே செய்து பார்க்கலாகாது.

மூன்றாவது கேள்வி: உதறல் எவ்வளவு விரைவானது? இங்கே உங்கள் கணக்குப் பாடம் உதவுகிறது. டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்குச் சுமார் 16.7 மீட்டர் செல்லும். எனவே சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 8 முறை சுற்றும். புரொப்பெல்லர் ஷாப்டோ அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு, அதாவது 32 முறை சுழலும். விநாடிக்கு 8 அதிர்வுகளைக் கை உதறலாக உணரும். 32 அதிர்வுகள் ரீங்காரம்போலத் தோன்றும். நாங்கள் உணர்ந்தது உதறல். வேகம் குறையக் குறைய அதுவும் சக்கரத்தோடு சேர்ந்து மெதுவாயிற்று.

இனி முன் சக்கரத்தைக் கழற்றலாம் என்று துணிந்தோம். மைக்ரோமீட்டரால் டிஸ்க்கின் கனத்தைப் பல இடங்களில் அளந்தபோது, அது எங்கும் ஒன்றாக இல்லை. நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தாலே போதும். தலைமயிரின் பருமனைவிடக் குறைந்த அந்த வேறுபாட்டைக் காலும் கையும் உணர்ந்துவிடும். கனமான பகுதி பிரேக் கட்டைகளுக்கிடையே வரும்போது பிடி இறுகுகிறது. மெலிந்த பகுதி வரும்போது தளர்கிறது. அந்த இறுக்கமும் தளர்ச்சியும் பிரேக் எண்ணெய் வழியே பெடலுக்கு வந்து சேர்கின்றன.

இத்துடன் நிறுத்தியிருந்தால் நாங்களும் மூன்றாவது முறையாக டிஸ்க்கை மாற்றியிருப்போம். ஆனால் அது ஏன் ஒரே சீராகத் தேயவில்லை என்று கேட்டோம். டிஸ்க்கை எடுத்துவிட்டு, அது பொருந்தி அமரும் ஹப்பின் முகத்தைப் பார்த்தோம். அங்கே துரு செதில் செதிலாகப் படிந்திருந்தது. அந்தத் துருவின்மேல் அமர்ந்த டிஸ்க், புதிதே ஆயினும், சற்றுச் சாய்ந்தே சுழலும். பிரேக்கை மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் அதே பகுதி கட்டையை உராய்ந்துகொண்டு போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின் அப்பகுதி மெலியும். அப்போது உதறல் தொடங்கும். சில மாத நலத்திற்கும் பிறகு வந்த நோய்க்கும் காரணம் இதுவே. வீல் நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முடுக்கினாலும் இதே சாய்வு ஏற்படக்கூடும்.

ஹப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்தோம். புது டிஸ்க்கைப் பொருத்தி, அதைச் சுழற்றிப் பார்த்து டயல் கேஜால் ஆட்டத்தைச் சோதித்தோம். பின்னர் எதிரெதிரான நட்டுகளை மாறி மாறி, டார்க் ஸ்பானரைக் கொண்டு ஒரே அளவாக முடுக்கினோம். மற்றொரு முன் சக்கரத்திற்கும் அவ்வாறே செய்தோம். அதன்பின் ஓராண்டுக்கு மேலாகிவிட்டது, உதறல் திரும்பவில்லை.

ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். ஏ.பி.எஸ். அமைப்புள்ள வண்டிகளில், வழுக்கும் சாலையில் பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது பெடல் துடிப்பது கோளாறன்று. சக்கரம் சிக்கிக்கொள்ளாதபடி அவ்வமைப்பு வேலை செய்வதன் அடையாளம் அது. அதைக் கண்டு அஞ்சிக் காலை எடுத்துவிடலாகாது.

என் தமையனார் மாற்றிய இரண்டு ஜோடி டிஸ்க்குகளும் வீட்டுத் திண்ணையின் கீழே கிடக்கின்றன. அவை தேய்ந்தவைதாம், ஆனால் தேய்வுக்குக் காரணம் அவற்றில் இல்லை. கெட்டுப்போன பொருளைக் கண்டவுடன் காரணத்தையே கண்டுவிட்டதாக எண்ணாமல், அது ஏன் கெட்டது என்று மேலும் ஒரு முறை கேளுங்கள். சோதனைச் சாலையிலும் பட்டறையிலும் அந்த ஒரு கேள்வி உங்களுக்குப் பெருந்துணையாக இருக்கும்.