ஓடுகிற பிள்ளை மயங்கி விழுந்தால்

2021 ஜூன் 12. கோபன்ஹேகனில் பார்க்கன் மைதானம். யூரோ கோப்பையில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிக்கொண்டிருந்தன. முதல் பாதி முடியச் சில நிமிடமே பாக்கி. த்ரோ-இன் பந்தை வாங்க வந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் மோதாமலே சரிந்து விழுந்தார். வயது 29.

திண்டுக்கல் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியர் நான். அந்த நிமிடங்களைப் பற்றி என் பிள்ளைகளிடம் அடிக்கடி பேசுவேன். விழுந்தவரைவிட, சுற்றி இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவர் ஆந்தனி டெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவர்களை அழைத்தார். கேப்டன் சிமோன் கியேர் ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டார். பிறகு சக வீரர்களை வட்டமாக நிற்கவைத்து மறைப்புக் கட்டினார். முதலில் இருந்த நாடி சற்று நேரத்தில் நின்றது. மருத்துவர்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். டிஃபிப்ரிலேட்டர் வந்தது. ஒரே ஒரு மின்னதிர்ச்சி. மைதானத்திலேயே அவருக்கு நினைவு திரும்பியது.

அவருக்கு நேர்ந்தது மாரடைப்பு அல்ல. மாரடைப்பில் இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் வலியோடு பேசிக்கொண்டுகூட இருப்பார். இது வேறு. இதயத்தின் மேல்பகுதியில், வலப்பக்கம் உள்ள ஒரு சின்ன முடிச்சிலிருந்து மின்துடிப்பு கிளம்பி, மேலிருந்து கீழாக ஒழுங்காகப் பரவினால்தான் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். அந்த ஒழுங்கு குலைந்தால் கீழறைகள் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் நகராது. சில நொடிகளில் நினைவு போய்விடும். நெஞ்சை அழுத்தாமல், ஷாக் கொடுக்காமல் கடக்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

நல்ல உடற்கட்டு உள்ள வீரனுக்கு இது ஏன் வருகிறது? 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம். இளைஞர்களிடம் பிறவியிலேயே மறைந்திருக்கும் கோளாறுகள் உண்டு. இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்துப்போவது ஒன்று. ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில் ஆடிக்கொண்டிருந்தபோதே விழுந்து இறந்த கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோவேவுக்கு, பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது அதுதான். அவருக்கு வயது 28. தசை பார்க்க நன்றாக இருந்தும் மின் அமைப்பு மட்டும் பழுதாக இருக்கும் 'லாங் க்யூடி' போன்றவை வேறு வகை. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயத் தசையில் வரும் அழற்சியும் ஆளைச் சாய்க்கும். காய்ச்சலோடு பிள்ளையை ஆட விடக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் தவறாமல் ஒன்று கேட்பேன்: "வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" பெரும்பாலும் "இல்லீங்க சார்" என்பார்கள். ஒரு தாய் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க அண்ணன் கிணத்துல போயிட்டான் சார். நல்லா நீச்சல் தெரியும். எப்படிப் போனான்னே தெரியல." அவருடைய மகன் அதற்கு முன்பே ஒருமுறை ஓட்டப் பயிற்சியில் மயங்கியிருக்கிறான். வெயில், காலையில் சாப்பிடவில்லை என்று விட்டுவிட்டார்கள். நீச்சல் தெரிந்தவர் காரணமின்றி மூழ்குவதும், ஓடும்போதே மயக்கம் வருவதும் லாங் க்யூடியின் தெரிந்த அடையாளங்கள். அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள், அதிலேயே பிடிபட்டது. இப்போது பையன் தினமும் மாத்திரை சாப்பிடுகிறான். அவன் தங்கையையும் பரிசோதித்தாயிற்று. ஆடலாமா என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதால் அவன் இன்னும் களத்தில் இறங்கவில்லை. பந்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிரோடு உட்கார்ந்திருக்கிறான்.

இத்தாலியில் போட்டிகளில் ஆடுவோர் அனைவருக்கும் ஈசிஜி உள்ளிட்ட பரிசோதனை 1982 முதல் கட்டாயம். அங்கே வெனெத்தோ மாகாணத்தில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணம், லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 3.6 என்பதிலிருந்து 0.4 ஆகக் குறைந்தது. ஆனாலும் பரிசோதனை எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்காது. எரிக்சனுக்கே டாட்டன்ஹாம் அணியில் இருந்தபோது எடுத்த சோதனைகளில் கோளாறு தெரியவில்லை. அதனால் மைதானமும் தயாராக இருக்க வேண்டும்.

நம் ஊரில் நடப்பது என்ன? ஆள் விழுந்ததும் கை கால் வெட்டி இழுக்கும். மூளைக்கு ரத்தம் போகாததால் வரும் உதறல் அது. வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். இடையிடையே வாயைத் திறந்து திணறுவதைப் பார்த்து "மூச்சு இருக்கு" என்பார்கள். அது மூச்சே இல்லை. நிமிடங்கள் போய்விடும்.

யாரும் மோதாமல் ஒருவர் விழுந்து, கூப்பிட்டாலும் தட்டினாலும் அசையாமல், சீரான மூச்சும் இல்லாமல் கிடந்தால், இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் ஒரு கைமேல் இன்னொரு கை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்தட்டும்: பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு மேலே எழும்ப விடவேண்டும். கை ஓய்ந்தால் ஆள் மாறிக்கொள்ளலாம், அழுத்துவது நிற்கக்கூடாது. தானியங்கி டிஃபிப்ரிலேட்டர் பக்கத்தில் இருந்தால் பயப்படாமல் எடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லும். தேவையில்லாதவருக்கு ஷாக் கொடுக்காது.

எரிக்சனின் நெஞ்சில் ஐசிடி என்ற சிறு கருவியைப் பொருத்தினார்கள். துடிப்பு தாறுமாறானால் அது உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும். அதோடு ஆட இத்தாலியில் அனுமதி இல்லாததால் இன்டர் மிலானை விட்டு வெளியேறி, 2022-இல் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு அணியில் சேர்ந்தார். 2024 ஜூன் 16 அன்று அடுத்த யூரோ கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராகக் கோல் அடித்தார்.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்பைக்கும் பேனருக்கும் ஒலிபெருக்கிக்கும் வசூலிக்கிற பணத்தில் ஒரு டிஃபிப்ரிலேட்டருக்கும் ஒதுக்குங்கள். நெஞ்சை அழுத்தத் தெரிந்த இரண்டு பேராவது கோட்டோரத்தில் நிற்காமல் விசில் ஊத விடாதீர்கள். பெற்றோருக்கும் சொல்கிறேன்: ஓடும்போதே மயங்கிய பிள்ளைக்கு ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டாமல் மறுபடி களத்துக்கு அனுப்பாதீர்கள்.