இல்லாததைக் கேட்டால் என்ன பதில் வரும்?

யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளுக்குப் போகும் வழிகளைச் சொல்லும் சிறு செய்நிரல் ஒன்றைப் பைத்தன் மொழியில் எழுதிவருகிறேன். அதில் விளங்கிக்கொண்ட ஒரு விடயத்தைக் கணினி படிக்காத பெற்றோருக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

தகவல்களைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கியிருக்கிறேன். வெளிப்பெட்டியில் தீவின் பெயர். அதற்குள் 'படகு' என்றொரு பெட்டி. அதற்குள் துறை, புறப்படும் நேரம், இன்று ஓடும் படகுகளின் எண்ணிக்கை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போக குறிகட்டுவான் துறையில் படகேற வேண்டும். ஊர்காவற்றுறைக்கோ பண்ணைப் பாலத்தைக் கடந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆகவே அதற்குள் 'படகு' பெட்டி இல்லை.

இப்போது "ஊர்காவற்றுறை, படகு, நேரம்" என்று நேராகக் கேட்டால், பைத்தன் 'படகு' என்ற படியிலேயே பிழை காட்டி நின்றுவிடும். அதன் பின்னால் வரவேண்டிய மற்றத் தீவுகளின் விபரமும் வராது.

இதற்கு உதவுவது 'கெட்' என்ற கட்டளை. கேட்டது இருந்தால் அதைத் தரும். இல்லாவிட்டால் நாம் முன்கூட்டிச் சொல்லிவைத்த இயல்புநிலைப் பெறுமானத்தைத் தரும். ஒவ்வொரு படியிலும் இப்படிக் கேட்கவேண்டும். 'படகு' இல்லையென்றால் ஒரு வெறும் பெட்டியைத் தா. அதற்குள் 'நேரம்' இல்லையென்றால் 'பதியப்படவில்லை' என்று சொல். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2020ஆம் ஆண்டின் பதிப்பிலிருந்து இதே வேலையைக் கேள்விக்குறிகளால் சுருக்கமாகச் செய்யலாம்.

ஆனால் எந்தப் பெறுமானத்தைச் சொல்லிவைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். நேரம் தெரியாத இடத்தில் 'காலை 8 மணி' என்று வைத்தால் நிரல் தடையின்றி ஓடும். அதை நம்பி நெடுந்தீவிலுள்ள நோயாளிக்கு மருந்து கொண்டுபோகிறவர் துறையில் வீணாகக் காத்து நிற்பார். பிழை காட்டி நின்றால் வேறு யாரிடமாவது கேட்டிருப்பார்.

பூச்சியமும் அப்படித்தான். கடல் கொந்தளிக்கும் நாளில் படகுகளின் எண்ணிக்கை 0. அது உண்மையான தகவல். 'கெட்' அதை 0 என்றே தரும். பைத்தனின் 'ஓர்' என்ற சொல்லைக் கொண்டு இயல்புநிலை கொடுத்தாலோ, அது 0ஐயும் வெறுமையாகவே எடுத்து, நாம் வைத்த பெறுமானத்தைத் தந்துவிடும். படகு ஓடாத நாளில் ஒருவர் பயணப்பையோடு புறப்பட இதுவே போதும்.

ஆகவே என் நிரலில் மூன்று பதில்களைத் தனித்தனியே வைத்திருக்கிறேன்: "படகு தேவையில்லை, பஸ் உண்டு", "இன்று படகு ஓடாது", "விபரம் பதியப்படவில்லை, துறையில் விசாரிக்கவும்".